நாலாவது ஃபைல்

1

இங்கே ஏரி உறைந்ததும் அதன் மேல் காரை ஓட்டிக்கொண்டு போய் மீன் பிடிக்கிறார்கள் என்று போன குளிர்காலத்தில் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். சித்தூரிலிருந்து ஒரு வாசகர், "ரொம்ப அளக்காதீங்க சார்" என்று பதில் போட்டிருந்தார். இந்த முறை எழுதப்போவதை அவர் உட்பட எல்லோரும் நம்பிவிடுவீர்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

என் மகள் தீபிகாவுக்குப் பதினேழு வயது. பள்ளியில் கடைசி வருஷம். இந்த மினசோட்டாவில் காலேஜில் சேர மார்க் மட்டும் போதாது. தன்னைப் பற்றியோ, தன் மனசில் பதிந்த ஒரு மனிதரைப் பற்றியோ ஒரு பக்கம் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். ஆறாம் வகுப்புக்குப் பிறகு அவள் எழுதிய எதையும் நான் பார்த்ததில்லை. அவள் ரூமுக்குள் போவதென்றால்கூடக் கதவைத் தட்டி, உள்ளேயிருந்து குரல் வரும்வரை வெளியே நிற்பேன். அப்படிப்பட்டவள் போன சனிக்கிழமை காலை ஒரு தாளைக் கொண்டுவந்து என் காப்பி டம்ளர் பக்கத்தில் வைத்து, "டாடி, ஸ்பெல்லிங் மட்டும் பாருங்க" என்றாள்.

கட்டுரை என்னைப் பற்றி.

நடந்தது இதுதான். இரண்டு வாரம் முன்பு நான் தயார் செய்து அனுப்பிய சாஃப்ட்வேர் அப்டேட் ஒன்றில் ஒரு சின்ன ஓட்டை. வாடிக்கையாளர் ஒருவரின் வேலை அரை நாள் நின்றுபோனது. மீட்டிங்கில் எழுந்து, "இது என் தவறு" என்று சொன்னேன். இங்கே அதற்காக யாரும் கத்துவதில்லை. எங்கே தவறியது, இனி எப்படித் தடுப்பது என்று அரைமணி நேரம் பேசினோம். பாஸ் எனக்கு நன்றி சொன்னார். அடுத்த நாள் மேசை மேல் ஒரு காப்பிக் கோப்பை இருந்தது. 'நேர்மைக்கு நன்றி, முனுசாமி' என்று அச்சடித்திருந்தார்கள். அதைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அதை வைத்துத்தான் மகள் எழுதியிருந்தாள். கடைசி வரி: 'என் அப்பா தன் தவறை ஒருநாளும் இன்னொருவர் தலையில் கட்டியதில்லை.'

ஸ்பெல்லிங் எல்லாம் சரியாக இருந்தது. "கரெக்டா இருக்கு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். போகிறபோது என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். மகள் என்னைத் தொட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அந்தத் தட்டு எனக்குச் சேர வேண்டியது இல்லை.

2

கோப்பையில் இருக்கும் முனுசாமி நான் இல்லை, என் நைனா. என் பெயர் சேகர். பாஸ்போர்ட்டில் வெறும் எம். சேகர் என்று இருந்தது. அமெரிக்க பாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சென்னையில் விசா ஏஜென்ட் ஒருவர் "அப்பா பேரைப் போட்டு நிரப்புப்பா" என்றார். நிரப்பினேன். அன்றிலிருந்து டாக்டர் வீட்டில், பள்ளிக்கூடத்தில், ஆபீசில் எல்லாம் நான் முனுசாமி. சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவில் அடுத்தவர் மாந்தோப்பில் கூலி வேலை செய்து என்னைப் படிக்கவைத்த மனிதரின் பெயர், அவர் பார்த்தேயிராத ஊரில் தினமும் இருபது தடவை கூப்பிடப்படுகிறது. தப்புச் செய்தவன் நான், பெயர் அவருடையது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்தால் அவர் கேட்பது இரண்டே கேள்வி. "துன்னியா?" என்பது ஒன்று. "அங்க இன்னா வேலடா செய்ற?" என்பது இன்னொன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வேன். சாஃப்ட்வேர் என்பது ஆயிரக்கணக்கான ஃபைல்கள். அதில் நாலை மாற்றினால் ஆயிரத்தையும் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை. மாறிய நாலை மட்டும் பொறுக்கி, மூட்டை கட்டி அனுப்பினால் போதும். பொறுக்குகிற வேலையை ஆள் செய்தால் தவறிவிடும் என்று அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைப்போம். கட்டளைகளை வரிசையாக எழுதிவிட்டால் கம்ப்யூட்டரே பார்த்துப் பார்த்துப் பொறுக்கிவிடும். அந்த ஸ்கிரிப்ட்தான் என் வேலை. "மாம்பழம் தரம் பிரிக்கற மாதிரி" என்பார் நைனா. அப்படித்தான்.

மாறியது எது, மாறாதது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபைலில் எழுதியிருக்கும் தேதியைப் பார்ப்பது சுலபம். போன அப்டேட்டுக்குப் பிந்தைய தேதி என்றால் மாறியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு வழி, பழையதையும் புதியதையும் திறந்து உள்ளே இருப்பதை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது. அது அதிக நேரம் பிடிக்கும். எங்கள் ஆபீசில் நான் தேதியை நம்பாத ஆள் என்று பெயர் எடுத்தவன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு, "முனுசாமியிடம் போய்த் தேதியைப் பார்த்தேன் என்று மட்டும் சொல்லாதே" என்று முதல் நாளே சொல்லிவைக்கிறார்கள். பெரிய படிப்புப் படித்து இதைத் தெரிந்துகொண்டேன் என்று நினைக்கிறார்கள்.

நான் இதைத் தெரிந்துகொண்டது திருப்பதியில், ஒரு நவமி அன்று.

3

தொண்ணூறுகளின் கடைசி. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் தேதி தெரியாமல் குழம்பப்போகிறது என்று பயந்து, கீபோர்டில் கை வைக்கத் தெரிந்த எல்லோரையும் அமெரிக்கா கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. ஆறு பேர், ஐந்து கம்ப்யூட்டர். முதலாளியை எம்.டி. காரு என்று கூப்பிடுவோம். ஆபீசில் எல்லாம் தெலுங்குதான். மத்தியானம் டிபன் பாக்ஸ் திறக்கும்போது மட்டும் நானும் சரளாவும் எங்கள் தமிழுக்கு வந்துவிடுவோம்.

சரளா நகரிப் பெண். அவள் நைனா கூலிக்குப் பவர்லூம் தறி ஓட்டுகிறவர். என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னை அண்ணா என்பாள். நகரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அவள் தெருவில் முதன்முதலாக ஆபீஸ் வேலைக்குப் போன பெண் அவள்தான். எங்கள் தெருவில் நான்.

ஒரு தனியார் கல்விச் சங்கத்துக்கு ஆசிரியர் பயிற்சி நுழைவுத் தேர்வு நடத்த சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தோம். விண்ணப்பம் பதிவது, மையம் ஒதுக்குவது, ஹால் டிக்கெட் அச்சடிப்பது. சித்தூர், பலமனேர், காளஹஸ்தி என்று அவர்களுக்கு மூன்று ஆபீஸ். முழு சாஃப்ட்வேரும் ஒன்பது ஃப்ளாப்பி. பஸ் சூட்டில், புழுதியில் ஒன்பதில் ஒன்று கட்டாயம் கெட்டுப்போகும். பலமனேர் மலை ஏறிப் போன பிறகு ஏழாவது ஃப்ளாப்பி படிக்கவில்லை என்றால் திரும்பி வர வேண்டியதுதான். அதற்குத்தான் நான் அந்த ஸ்கிரிப்டை எழுதினேன். போன தடவைக்குப் பிறகு தேதி மாறிய ஃபைல்களை மட்டும் பொறுக்கி ஒரே ஃப்ளாப்பியில் அடக்கிவிடும். எம்.டி. காரு அன்று எல்லோருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். ஒற்றை ஃப்ளாப்பியை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு சரளா பஸ் ஏறுவாள். போகிற ஊரில் காப்பி செய்து கொடுத்துவிட்டு வருவாள்.

4

தேர்வுக்கு ஆறு நாள் முன்பு, திங்கட்கிழமை. காளஹஸ்தியில் மையமாக இருந்த ஒரு பள்ளிக்கூடம் கடைசி நேரத்தில் இடம் தர முடியாது என்று சொல்லிவிட்டது. ஊருக்கு வெளியே, ஸ்வர்ணமுகி ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு பள்ளி பிடித்தார்கள். முகவரியை மாற்ற வேண்டும். நாலு ஃபைலில் வேலை. மூன்றில் சின்னத் திருத்தம். நாலாவது, மையங்களின் பட்டியல். ஏற்கெனவே திருத்தித் திருத்திக் கந்தலாகியிருந்ததால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்கிறேன் என்று சொன்னேன்.

புதிதாக என்ற வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. எம்.டி. காரு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "ஈ ரோஜு நவமி கதா" என்றார், இன்றைக்கு நவமியாயிற்றே என்று. பழசைத் திருத்தலாம், நவமியில் புதுசாக ஒன்றைத் தொடங்கக் கூடாது. முந்தின நாள் அஷ்டமி, அதுவும் போச்சு. மறுநாள் தசமி வரை பொறுப்போம் என்றால் சரளா காலை முதல் பஸ்ஸில் கிளம்ப வேண்டும்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. "நவமியை இல்லாமல் செய்துவிடுகிறேன் சார்" என்று சொல்லி, கம்ப்யூட்டரின் தேதியை நாலு நாள் பின்னால் தள்ளி, போன வியாழக்கிழமைக்குக் கொண்டுபோனேன். வளர்பிறைப் பஞ்சமி. அந்தத் தேதியில் பட்டியல் ஃபைலை உண்டாக்கினேன். முடித்ததும் தேதியைத் திரும்பத் திங்களுக்குக் கொண்டுவந்தேன். எம்.டி. காருவுக்கு ரொம்ப சந்தோஷம். முதுகில் தட்டினார்.

படிக்கிற உங்களுக்குப் புரிந்திருக்கும். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அதற்கு முந்தைய அப்டேட் சனிக்கிழமை போயிருந்தது. சனிக்கிழமைக்குப் பிந்தைய தேதி உள்ளதை மட்டும் பொறுக்கு என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை என்று முத்திரை குத்திய ஃபைலை அது பழசு என்று ஒதுக்கிவிட்டது. 'மூன்று ஃபைல்கள்' என்று திரையில் காட்டியது. அந்த நேரம் சென்னையிலிருந்து விசா ஏஜென்ட் போன். பாஸ்போர்ட்டில் விசா குத்தியாகிவிட்டது, இருபது நாளில் விமானம். திரையைப் பார்க்காமலே ஃப்ளாப்பியை உருவிச் சரளா கையில் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

அவள் செவ்வாய்க்கிழமை காளஹஸ்தி போனாள். இருந்ததைக் காப்பி செய்தாள். ஹால் டிக்கெட்டுகள் பழைய முகவரியோடு அச்சாகிப் போயின.

5

ஞாயிற்றுக்கிழமை காலை அறுபது பெண்கள் பூட்டிய பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார்கள். விஷயம் தெரிந்து ஆட்டோ பிடித்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் போவதற்குள் கேட்டை மூடிவிட்டார்கள். மறுதேர்வு கிடையாது என்று சங்கம் சொல்லிவிட்டது. அந்த அறுபதில் ஒருத்தி கஸ்தூரி. நகரியில் சரளா இருந்த அதே தெரு. விண்ணப்ப பாரம் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்து, கூட உட்கார்ந்து பூர்த்தி செய்து, "நீயும் வாத்தியாரம்மா ஆவணும்" என்று கிளப்பிவிட்டதே சரளாதான்.

திங்கட்கிழமை எம்.டி. காரு வருவதற்கு முன்பே நான் ஆபீசுக்குப் போய்விட்டேன். சரளா திருப்பிக் கொடுத்த ஃப்ளாப்பி என் டிராயரில் இருந்தது. போட்டுப் பார்த்தேன். மூன்று ஃபைல். பட்டியல் இல்லை. கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியலின் தேதியைப் பார்த்தேன், வியாழக்கிழமை என்று இருந்தது. எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

விசா வந்தாலும், அமெரிக்காவில் வேலையில் சேர எம்.டி. காரு கையெழுத்துப் போட்ட அனுபவச் சான்றிதழ் வேண்டும். அது இன்னும் கைக்கு வரவில்லை. நான் உண்மையைச் சொன்னால் வராது. இதைத்தான் நினைத்தேன், வேறெதையும் நினைக்கவில்லை. ஃப்ளாப்பியை அழிக்கிற கட்டளையை அடித்தேன். எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று அது ஒரு தடவை கேட்கும். ஆம் என்று அழுத்தினேன். என் வாழ்க்கையில் என்னிடம் அவ்வளவு தெளிவாக யாரும் கேட்டதில்லை.

சரளா வந்தாள். எம்.டி. காரு கத்தினார். ஃப்ளாப்பியில் என்ன இருந்ததோ அதைத்தான் காப்பி செய்தேன் என்றாள். நான் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. "ரேப்பட்டி நுஞ்சி ராவொத்தம்மா" என்றார் அவர். நாளையிலிருந்து வர வேண்டாம். டிபன் பையை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். எனக்குச் சான்றிதழ் புதன்கிழமை கிடைத்தது.

6

அதற்குப் பிறகு நான் நன்றாகத்தான் இருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. கல்யாணம், வீடு, மகள், நைனாவுக்கு ஒரு ஏக்கர் மாந்தோப்பு. இங்கே தமிழ்ச் சங்கத்துப் பொங்கலில் நான், "துன்னுட்டு வந்துக்கினு இருக்கேன்" என்று சொன்னதைக் கேட்டு மேடையிலேயே சிரித்தார்கள். நீங்க தெலுங்கா என்று கேட்டார்கள். தெலுங்குச் சங்கத்து உகாதிக்குப் போனால், நீங்க தமிழா என்கிறார்கள். இந்த மாதிரி வருத்தங்களை எல்லாம் உங்களுக்கு எழுதி எழுதி நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். இரண்டு தடவை ஊருக்கு வந்தபோது நகரி வழியாகவே காரில் போனேன். இரண்டு தடவையும் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி சாய்ந்துகொண்டேன்.

மகளின் கட்டுரை அதற்கு மேல் தூங்க விடவில்லை. பழைய ஆபீஸ் ஆள் ஒருவரிடம் கேட்டு சரளாவின் நம்பரை வாங்கினேன்.

7

ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை ஏழரை, அங்கே சாயங்காலம் ஏழு. பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். பின்னால் பிரின்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சரளா, நான் சேகர். திருப்பதி ஆபீஸ் சேகர்."

பிரின்டர் நின்றது. பிறகு, "சொல்ணா" என்றாள். நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை.

தாளில் இருந்தபடியே சொன்னேன். நவமி, வியாழக்கிழமைத் தேதி, மூன்று ஃபைல், ஃப்ளாப்பியை அழித்தது. கடைசியில், "எம்.டி. உன்ன திட்டும்போது நான் ஒரு வார்த்த பேசாம நின்னேன் சரளா. அது பெரிய தப்பு" என்றேன்.

"இன்னாணா சொல்ற? பேசாமவா நின்ன?"

எனக்குப் புரியவில்லை.

"என் நோட்டு ஞாபகம் கீதா உனுக்கு? எந்த ஊருக்குப் போனாலும் ஃப்ளாப்பில இன்னா கீதோ அத்தினி பேரும் எழுதி வெச்சுக்குவேன். காளஹஸ்திக்கு மூணு பேரு. அந்தப் பக்கத்தப் பிரிச்சு எம்.டி. கைல குட்த்தேன். அவரு படிச்சிட்டு உன்னப் பாத்தாரு. 'நுவ்வு என்னி பெட்டினாவு'ன்னு கேட்டாரு. நீ இன்னா சொன்ன?"

எத்தனை வைத்தாய் என்று எம்.டி. காரு கேட்டாராம். எனக்கு ஒன்றும் நினைவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"'நாலுகு பெட்டானு சார்'ன்ன" என்றாள் சரளா.

உடனே எல்லாம் வந்துவிட்டது. பழுப்பு அட்டை போட்ட நோட்டு, அந்தப் பக்கத்தின் மேல் எம்.டி. காருவின் விரல், நாலு வைத்தேன் சார் என்று சாதாரணமாகச் சொன்ன என் குரல். அந்தக் குரலில் நடுக்கம்கூட இல்லை. இத்தனை வருஷமும் நான் ஊமையாக நின்ற ஒரு கோழை என்றுதான் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். கோழை என்பதில் ஒரு சௌகரியம் இருந்திருக்கிறது. நான் பொய் சாட்சி சொன்னவன்.

"நீ பேசாம இருந்திருந்தா என் நோட்டு நின்னிருக்கும்ணா" என்றாள். "ஒண்ணு எழுதவும் மறந்துட்ட, காப்பி பண்ணவும் மறந்துட்டன்னு நோட்ட மூடி என் கைல குட்த்துட்டாரு."

"அப்போ உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"மூணுதான் இருந்திச்சுன்னு எனுக்குத் தெரியாதா? ஏன் மூணு இருந்திச்சுன்னுதான் தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சிது." பிரின்டரில் தாளைச் சொருகுகிற சத்தம் கேட்டது. "நவமியாம்."

சான்றிதழ் இல்லாததால் அவளுக்கு வேறு எந்த ஆபீசிலும் வேலை கிடைக்கவில்லை. வீட்டில் டியூஷன் எடுத்தாள். பிறகு கல்யாணம். இப்போது நகரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது. "டிக்கெட்டுல கீற பள்ளிக்கூடத்துக்கு நானே போன் போட்டு, எக்ஸாம் அங்கதானான்னு ஒரு தபா கேட்டுட்டுத்தான் பிள்ளைங்க கைல தருவேன். எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள்.

"என்ன மன்னிச்சிரு சரளா."

"அத வெச்சுக்கினு நான் இன்னாணா பண்றது?" கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள். "கஸ்தூரி எதிர் வரிசைலதான் கீறா. அந்த வருசம் போச்சு, அதுக்கப்புறம் அவள ஊட்ல அனுப்பல. தறி ஓட்டிக்கினு கீறா. இன்னி வரிக்கும் எங்கிட்ட பேசறதில்ல. ஒரு ஜெராக்ஸ் வேணும்னா பஸ் ஏறிப் புத்தூருக்குப் போறா. அவகிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது, எனுக்குத்தான் தெரியுமே."

மறுநாள் அதே நேரம் கூப்பிடச் சொன்னாள். எப்படியாவது கஸ்தூரியைக் கடைக்கு அழைத்து வருவதாகச் சொன்னாள். "ஸ்கிரிப்டு, தேதி அதெல்லாம் எடுக்காத. அவ கேட்டா புரியணும்." வைப்பதற்கு முன்னால், "நாளைக்கு நவமி. பரவால்லியா?" என்றாள்.

"பரவால்ல, கூப்பிடறேன்" என்றேன்.

8

அன்று மத்தியானம் மகளின் கதவைத் தட்டினேன். அவளிடம் முழுவதையும் சொன்னேன், நாலு வைத்தேன் என்று சொன்னதையும் சேர்த்து. இங்கிலீஷில் சொன்னேன். இங்கிலீஷில் சொல்லும்போது யாரோ ஒருவனுக்கு நடந்தது மாதிரி சுலபமாக வந்தது. அந்தச் சுலபம் எனக்கே பிடிக்கவில்லை. அவள் நாற்காலியைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் கட்டுரை தப்பு" என்றாள்.

"ஆமாம்மா."

"நாளைக்குக் கடைசி நாள்" என்றாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை நான் போனை எடுத்தபோது அவள் எதிரில் உட்கார்ந்து பாலில் சிரியலைக் கிளறிக்கொண்டிருந்தாள். பள்ளி பஸ் வர நேரம் இருந்தது. எழுந்து போகவில்லை.

சரளா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தாள். இன்னொரு குரல், "யாரு?" என்றது.

"கஸ்தூரிங்களா? நான் சரளாகூட திருப்பதில வேலை செஞ்சவன். காளஹஸ்திக்கு உங்க டிக்கெட்டு தப்பா வந்ததுக்குக் காரணம் நான். புது அட்ரஸ நான் வெக்கல. வெச்சேன்னு முதலாளிகிட்ட பொய் சொன்னேன். சரளா ஒரு தப்பும் பண்ணல."

தூரத்தில் தறி ஓடுகிறது மட்டும் கேட்டது.

"எங்கம்மா அந்தப் பூட்டுன கேட்டப் புட்ச்சிக்கினு அய்தாங்க" என்றாள் கஸ்தூரி. "வர வழியெல்லாம் சரளாவத் திட்டிக்கினே வந்தாங்க. சாவற வரிக்கும் திட்டிக்கினுதான் இருந்தாங்க."

பிறகு அவளே கேட்டாள்.

"நீங்க இப்போ எங்க கீறீங்க?"

"அமெரிக்காவுல."

"ஓ. போய்ட்டீங்க" என்றாள்.

அவ்வளவுதான் என்னிடம் பேசியது. பிறகு ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. "தண்ணி குடிக்கிறியா?" என்று சரளா கேட்டாள். "குடு" என்றாள் கஸ்தூரி. டம்ளர் வைத்த சத்தம். பிறகு கஸ்தூரி, "பாப்பாக்கு இன்டர் முடியப்போவுது. அப்ளிகேசன் ஒண்ணு போடணும்" என்றாள். இன்டர் என்றால் அங்கே ப்ளஸ் டூ. "ஆதார் எத்துக்கினு வந்தியா?" "ஊட்ல கீது." "போய் எத்துக்கினு வா, நான் தொறந்துதான் வெச்சிருப்பேன்." இரண்டு பேரும் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது, போட்டோ எந்த அளவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். போனை அணைக்க யாருக்கும் நினைவில்லை. நான் லைனில் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நானே வைத்தேன்.

9

மகளுக்குத் தமிழ் பாதிதான் புரியும். "மன்னிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"அதப்பத்தி யாரும் பேசலம்மா" என்றேன். பேசியதை முழுவதுமாக மொழிபெயர்த்துச் சொன்னேன். 'போய்ட்டீங்க' என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வார்த்தை கிடைத்தது, அவள் சொன்ன விதம் கிடைக்கவில்லை.

அவள் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். கோட் மாட்டினாள். கதவருகே உட்கார்ந்து பனி பூட்ஸைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், தமிழிலேயே சொன்னாள்.

"கட்டுரை அனுப்பிட்டேன் டாடி. ஒரு லைன் மட்டும் மாத்தினேன். மத்தது எல்லாம் அப்படியேதான்."

"எந்த லைன்?"

வெளியே மஞ்சள் பஸ் வந்து நின்றது. அவள் கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள்.

"ஸ்பெல்லிங் நானே பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.